பொங்கிக்கினு கீது

எங்கள் வீட்டில் சமையலறைக்கென்று தனியாகச் சுவர் கிடையாது. பனகல் பார்க்கிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், நீளவாக்கில் ஒரே அறை. ஒரு கோடியில் அடுப்பு, நடுவில் அம்மாவின் தையல் மெஷின், மறு கோடியில் கட்டிலும் டிவியும். கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடிய பிறகு அந்த அறைக்குள் எட்டாம் வகுப்பும் வந்து சேர்ந்தது. அடுப்புக்குப் பக்கத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்பதால், அரிசி டின்னில் ஃபோனைச் சாய்த்துவைத்து, அதற்கு முன்னால் சீருடையோடு உட்கார்ந்திருப்பேன். சீருடை என்றால் சட்டை மட்டும். ஃபோனுக்குத் தெரியாத இடத்தில் பழைய பாவாடைதான்.

அன்று அறிவியல் வகுப்பு. மிஸ் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பதில் தெரிந்துவிட்டால் எனக்கு அந்த வயதில் கொஞ்சம் ஆட்டம் அதிகம். மைக்கைத் திறந்து, எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். மிஸ் "வெரி குட்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் மைக்கை மூட மறந்துபோனேன். அப்போதுதான், தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக்கொண்டு, எனக்குப் பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

"அடியே, பால் பொங்கிக்கினு கீது! கண்ணு இன்னா அவுஞ்சிபூட்ச்சா? அந்த டப்பாவயே மொறைச்சிக்கினு கீற, எய்ந்து வாடி!"

அம்மாவுக்குப் பெரிய குரல். சந்து முனையில் போகிற காய்கறி வண்டியை வீட்டுக்குள்ளிருந்தே நிறுத்தி, அங்கிருந்தே பேரமும் பேசி முடித்துவிடுவாள். அவள் பிறந்து வளர்ந்ததும் இதே தி. நகரில்தான், அவளுடைய அம்மாவும் இதே மெட்ராஸ் பாஷைதான் பேசினாராம். அதில் சிரிப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஃபோனில் மிஸ் பேச்சை நிறுத்தினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "யார் மைக் ஆன்ல இருக்கு?" என்று மிஸ் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையால் மைக்கை மூடி, மறு கையால் அடுப்பை அணைத்தேன். பாலில் பாதி போயிருந்தது. அதற்காக வாங்கவேண்டிய திட்டையும் வாங்கிக்கொண்டு, விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் வகுப்பு குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. பள்ளிக்கூடம் நடத்திய குரூப் வேறு; இது மிஸ்களுக்குத் தெரியாமல் நாங்களே வைத்துக்கொண்டது. வீடியோவில் என் முகம் வாய் பிளந்தபடி உறைந்து நின்றது. அதன் மேல் அம்மாவின் குரல். அதற்குக் கீழே தாளம். நல்ல துள்ளலான தாளம். "கீது" என்ற சொல்லை மட்டும் வெட்டியெடுத்து, கீது, கீது, கீகீகீது என்று தட்டுத் தட்டாக ஒட்டியிருந்தார்கள். முடிவில் பால் பொங்குகிற படம் ஒன்று, அதில் பால் வழிய வழிய என் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

செய்தவன் ஆதித்யா. அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவன், கம்ப்யூட்டரில் பாட்டுக் கோப்பதில் கெட்டிக்காரன். அவனுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் கிடையாது. இன்னும் சொன்னால், அதற்கு முந்தைய வாரம்தான் அவனுக்கு என்னுடைய கணக்குக் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்களை வரிசையாக அனுப்பினேன். "செம" என்று எழுதினேன். கோபம் வந்ததாகக் காட்டிக்கொண்டால் இன்னும் செய்வார்கள், நாமும் சேர்ந்து சிரித்துவிட்டால் இரண்டு நாளில் அலுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது. நானே சிரித்ததால், எல்லாருக்கும் அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் என் முகத்தை வைத்து ஸ்டிக்கர் வந்தது. யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டால் "முட்ச்சிக்கினு கீறேன்." பரீட்சை எப்போது என்றால் "வந்துக்கினு கீது." எனக்கு 'பால்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துப் பிரிவுக்கும் அது போயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் பயந்ததற்குக் காரணம் வேறு. அந்த ஃபோன் என்னுடையது இல்லை. அம்மாவுடையது.

வீட்டில் நல்ல ஃபோன் அது ஒன்றுதான். அப்பா பாத்திரக் கடையில் விற்பனையாளர், அவரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய ஃபோன். அண்ணன் வேளச்சேரியில் ஒரு மாலில் ஏசி மெக்கானிக்கோடு உதவிக்குப் போய்க்கொண்டிருந்தான், அவனுடைய ஃபோன் அவனோடு போய்விடும். ஆகவே வகுப்பு குரூப்பில் இருந்தது அம்மாவின் எண். காலையில் அது என் வகுப்பறை. மற்ற நேரமெல்லாம் அம்மாவின் தொழில். ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் கழுத்து டிசைனைப் படமாக அனுப்புவார்கள், அளவைக் குரலில் சொல்லி அனுப்புவார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. ஆனால் படம் வந்தால் பார்க்கவும், குரல் வந்தால் தட்டிக் கேட்கவும் நன்றாக வரும். தன் குரலைத் தாளத்தோடு கேட்க அவளுக்கு ஒரே ஒரு தட்டு போதும்.

அன்றிலிருந்து நான் அந்த ஃபோனுக்குக் காவல்காரி ஆனேன். குரூப்பைச் சத்தமில்லாமல் அடக்கிவைத்தேன். வந்ததையெல்லாம் வந்த கையோடு அழித்தேன். குரூப்பிலிருந்து விலகியிருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். விலகினால் "விலகினாள்" என்று எல்லாருக்கும் காட்டும். அப்புறம் எனக்குத் தெரியாமல் என்ன பேசுவார்கள் என்ற பயம், தெரிந்து பேசுவதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அம்மா மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது ஃபோன் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடக்கும். அதன் திரை ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் நான் பாடத்தை விட்டுத் தலையைத் தூக்குவேன்.

"இன்னாடி, ஃபோனு வந்தா புருசன் வந்தா மாதிரி ஓடியார?" என்றாள் அம்மா ஒருநாள்.

"ஹோம்வொர்க்கும்மா."

"இம்மாம் ஹோம்வொர்க்கா குடுக்கறாங்கோ?" என்று அவள் வியந்தாள். பெருமையோடுதான்.

வகுப்பு நேரத்தில் பேசக்கூடாது, மிஸ் திட்டுகிறார் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நான் வகுப்பில் இருக்கும்போது மெஷினை நிறுத்திவிடுவாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பாள். குக்கர் விசில் அடிக்கப்போனால் அதை ஏதோ குழந்தை வாயைப் பொத்துவதுபோலக் கரண்டியால் தூக்கிப் பிடிப்பாள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கூப்பிட்டால், உதட்டில் விரல் வைத்து, என்னைக் கண்ணால் காட்டுவாள். என் படிப்புக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து அவள் செய்துகொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் மதியம், வாயில் ஊசி நூலைக் கடித்துக்கொண்டு, அம்மா ஃபோனைக் கையில் எடுத்தாள். ஒரு வாடிக்கையாளர் குரல் அனுப்பியிருக்க வேண்டும் என்று தேடினாள். மேலே முதலாவதாக நின்றது எங்கள் குரூப். அவள் விரல் அதை நோக்கி இறங்குவதைப் பார்த்தேன். நான் தாவிப் பிடுங்கியதில் ஃபோன் மெஷினின் இரும்புச் சக்கரத்தில் மோதிக் கீழே விழுந்தது. திரை குறுக்காக விரிசல் விட்டது.

அம்மாவுக்கு வந்த கோபம் நியாயமானது. "இன்னாடி வந்துச்சி உனக்கு? பேய் புட்ச்சிக்கிச்சா? கேட்டா குடுக்க மாட்டேனா?" என்று ஆரம்பித்து, சந்தே கேட்கும்படி திட்டினாள். அவள் திட்டத் திட்ட, என் தலைக்குள் அந்தத் தாளம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு 'கீது'க்கும் ஒரு தட்டு. வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை. அம்மா பேசுவதை அம்மா பேசுவதாக மட்டும் கேட்க என்னால் அப்போது முடியவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. ஃபோன் உடைந்ததற்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா பாதியில் திட்டை நிறுத்தி, "சரி வுடு, கண்ணாடி மாத்திக்கலாம்" என்றாள்.

பிறகு பள்ளிக்கூடம் அரைகுறையாகத் திறந்தது. வாரத்தில் பாதி நாள் கோபாலபுரத்தில், பாதி நாள் ஃபோனில். எங்கள் பள்ளி ஒரு பழைய பங்களா. யாரோ குடியிருந்த அறைகளில் பெஞ்சு போட்டிருந்தார்கள். நான் அங்கே டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி தமிழ் பேசத் தொடங்கினேன். "இருக்கிறது", "வருகிறேன்" என்று ஒவ்வொரு எழுத்தையும் கழுவித் துடைத்துப் பேசினேன். அதற்கும் சிரித்தார்கள். மாடிப்படி ஏறும்போது பின்னாலிருந்து யாராவது மெல்ல "கீது" என்பார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் முகக்கவசத்துக்குள் இருக்கும். கண்கள் மட்டும் சிரிக்கும். கொஞ்ச நாளில் நான் வகுப்பில் கையைத் தூக்குவதை விட்டேன். பதில் தெரிந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி மட்டும் ஸ்டிக்கர் அனுப்பவில்லை. நஸ்ரீன். அவள் வீடு ராயப்பேட்டையில், வீட்டில் உருது பேசுவார்கள். ஒருநாள் மதிய உணவு நேரத்தில் என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். வீடியோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "நான் கிளாஸ் முடியற வரைக்கும் மியூட் பட்டன் மேலயே வெரல வெச்சிருப்பேன். எங்கம்மியும் கத்துவாங்க. உனக்கு வந்தது எனக்கு வந்திருக்கும்." அதன் பிறகு தினமும் அங்கேதான் உட்கார்ந்தாள். குரூப்பில் அவள் யாரையும் எதிர்த்து எழுதவில்லை. அவளுக்கும் பயம்தானே.

நான் அழித்தேன் என்று நினைத்தவை முழுதாக அழியவில்லை என்பது அண்ணனால் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டைக்காகத் தன் படம் ஒன்றைத் தேடி, அம்மாவின் ஃபோனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். திடீரென்று அறைக்குள் தாளம் கேட்டது. அம்மா அடுப்பருகே நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்து போய் ஃபோனைப் பொத்தினேன். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னாடா அது பாட்டு?" என்று மட்டும் கேட்டாள். "சொம்மா விளம்பரம்மா" என்றான் அண்ணன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான்.

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது. அவன் கேட்டு முடித்ததும் அம்மாவின் ஃபோனை வாய்க்கருகே பிடித்து, குரூப்பில் ஒரு குரல் செய்தி பேசினான். நான் "வேணாண்ணே, வேணாண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்தது வரை அதில் பதிவாகியிருந்தது. அவன் பேசியதில் பாதிச் சொற்கள் எனக்கு அன்றுதான் அறிமுகம். கடைசியில், "எங்கம்மா கொரல வெச்சி இன்னொருவாட்டி எவனாவது வெளயாண்டீங்கோ, ஊடு தேடி வந்து மூஞ்ச பேத்துருவேன்" என்று முடித்தான். அனுப்பியும்விட்டான்.

"அழிச்சிடுண்ணே" என்று கெஞ்சினேன். "எதுக்கு அழிக்கணும்? கேக்கட்டும்" என்றான். எனக்காக அவன் செய்தது அது. அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அண்ணனின் குரலுக்கும் தாளம் போட்டுவிட்டார்கள். 'பால் பாகம் இரண்டு' என்று அதற்குப் பெயர். ஆனால் ஆதித்யா வீட்டில் அதை அவன் அம்மாவும் கேட்டுவிட்டார். வளர்ந்த ஆண் ஒருவன் தன் பிள்ளையை வீடு தேடி வந்து அடிப்பேன் என்று மிரட்டினால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து அம்மாவின் எண்ணுக்கு அழைப்பு வந்தது. வகுப்பு மிஸ் பேசினார். நாளைக் காலை தலைமையாசிரியையைப் பார்க்க வரவேண்டும், அவ்வளவுதான் சொன்னார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கியிருந்த நேரம் அது. ஏதோ பரிசு என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். எனக்கு வயிற்றுவலி என்றேன். ஓம வாட்டர் கொடுத்தாள். ஃபோனில் பேசினால் போதுமாம் என்று பொய் சொன்னேன். "மிஸ்ஸே கூப்ட்டுக்கீறாங்கோ, போவாம இருந்தா மரியாதையா?" என்று கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். பேருந்தில் நடத்துனரிடம்கூட, "பொண்ணு ஸ்கூல்ல கூப்ட்டுக்கீறாங்கோ நைனா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேருந்து எங்கேயாவது பழுதாகி நிற்காதா என்று வேண்டிக்கொண்டு வந்தேன். அது நிற்கவில்லை.

தலைமையாசிரியையின் அறையில் வகுப்பு மிஸ் நின்றிருந்தார்; ஆதித்யாவும் அவன் அம்மாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர் அலுவலகத்திலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தார், கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றவில்லை. ஆதித்யா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா எல்லாருக்கும் வணக்கம் வைத்துவிட்டுச் சிரித்தபடி உட்கார்ந்தாள். தலைமையாசிரியை தன் ஃபோனை மேஜை நடுவில் வைத்து அண்ணனின் செய்தியைப் போட்டார்.

அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். முடிவதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இது எம்புள்ள கொரலு. ஐயோ, மன்னிச்சிருங்கோ மிஸ். இப்டியெல்லாம் பேசறவன் கெடயாது அவன்." ஆதித்யாவின் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பயந்துட்டியாப்பா?" என்று அவனையும் கேட்டாள்.

"ஏன் அப்படிப் பேசினார்?" என்று மிஸ் கேட்டார்.

"தெர்லீங்களே மிஸ்" என்று சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணன் ரவுடி என்று ஆகும், அம்மா இன்னும் இரண்டு முறை மன்னிப்புக் கேட்பாள், வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வீடியோவை அவள் கேட்கவே வேண்டாம். நான் இத்தனை நாள் காத்தது வீணாகாது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டே நின்றேன்.

அப்போது தலைமையாசிரியை பெருமூச்சுவிட்டு, "வீட்ல எப்படிப் பேசறோமோ அதுதான் பசங்களுக்கு வரும். நீங்க கொஞ்சம் பார்த்துக்கணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அம்மா "சரிங்க மிஸ்" என்று தலையாட்டினாள். அவள் தலையாட்டியதை என்னால் தாங்க முடியவில்லை.

"மொதல்ல அவன்தான் மிஸ்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அம்மா பேசுனத ரெக்கார்ட் பண்ணி பாட்டு போட்டான். எல்லாரும் அனுப்பிக்கினே கீறாங்கோ மிஸ். ரொம்ப நாளா."

நான் எந்தத் தமிழில் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஆதித்யா தன்னிடம் எதுவும் இல்லை என்றான். அவன் அம்மா கையை நீட்டினார். அவன் ஃபோனைக் கொடுக்கத் தயங்கினான். அந்தக் கை நீண்டபடியே இருந்தது. கடைசியில் கொடுத்தான். அவர் கொஞ்ச நேரம் தேடினார், பிறகு என்னவென்று தெரியாமலே அதைத் தட்டினார். சத்தம் முழுதாக இருந்தது.

தாளம் ஆரம்பித்தது. அம்மா முதலில் அதைத் தன் குரல் என்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நல்ல பாட்டைக் கேட்கிறவள் போல, முகத்தில் லேசான புன்னகையோடு தலையைச் சாய்த்துக் கேட்டாள். 'கீது, கீது, கீகீகீது' வந்தது. அவள் புன்னகை அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் திரும்பி என்னிடம் வந்தன. பாட்டு முடிந்தது. ஆதித்யாவின் அம்மா ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

அம்மா சிரித்தாள். வாய்விட்டு, பெரிதாக.

"ஐய, நானா இது? என் கொரலு இம்மாம் கட்டையாவா கீது?" என்றாள். அவள் சிரித்ததும் தலைமையாசிரியைக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது, அவரும் மெல்லச் சிரித்தார். மிஸ்ஸும் சிரித்தார். "பசங்க தானே மிஸ், சொம்மா வெளயாட்டுக்குப் பண்ணிக்கீதுங்கோ. எம்புள்ள பேசுனது தான் தப்பு."

"வெளயாட்டு இல்லம்மா!" என்று கத்திவிட்டேன். "உன்னக் கிண்டல் பண்றாங்கம்மா. உனக்குப் புரியலையா?"

மேஜை விளிம்பின் மறைவில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடி வளையல் என் எலும்பில் அழுந்தியது. "சரி, கம்னு இரு" என்றாள், முகத்தில் அந்தச் சிரிப்பு மாறாமல். பிறகு ஆதித்யாவைப் பார்த்து, "தம்பி, அன்னிக்கி பாலு பாதி அடுப்புல பூட்ச்சி. அத்த வுட்டுட்டியே பாட்டுல" என்றாள்.

அவன் அழ ஆரம்பித்தான். "சாரி ஆன்ட்டி" என்றான். அவனுடைய அம்மா, "அவங்ககிட்ட மட்டும் இல்ல" என்று என்னைக் காட்டினார். அவன் என்னிடமும் சொன்னான். கதவருகே வந்தபோது அந்த அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மற்றபடி எல்லாம் அப்படி அப்படி நடந்தது. வீடியோவை அழிக்கச் சொன்னார்கள், குரூப்பைக் கலைக்கச் சொன்னார்கள். கலைத்த வாரமே இன்னொன்று தொடங்கினார்கள், அதில் நான் சேரவில்லை. நஸ்ரீனும் சேரவில்லை. ஆதித்யா என் கண்ணைப் பார்க்காமல் நடந்தான், ஆனால் யாராவது "கீது" என்றால் "போதும்டா" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 'பால்' என்ற பெயர் தேய்ந்து மறைய அடுத்த வருடம் ஆயிற்று. அண்ணன் தலைமையாசிரியையிடம் வந்து மன்னிப்புக் கேட்டான், வெளியே வந்ததும் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்.

அன்றைக்குப் பள்ளியிலிருந்து நானும் அம்மாவும் பேருந்தில்தான் திரும்பினோம். அம்மா ஜன்னல் ஓரம். நான் அவளோடு பேசவில்லை. எனக்கு ஆதித்யா மேல் இருந்த கோபமெல்லாம் எப்படியோ அவள் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. கேலி செய்கிறார்கள் என்பதுகூடப் புரியாத ஒருத்திக்காகவா இவ்வளவு நாள் ஃபோனைக் கட்டிக்கொண்டு செத்தேன் என்றிருந்தது. அவர்களுக்கு முன்னால் கோபப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். சிரித்துவிட்டாளே.

பனகல் பார்க் வந்தது. அம்மா எழவில்லை. முதலில் பேசுவது யார் என்ற வீம்பில் நானும் எழவில்லை. பேருந்து எங்கள் நிறுத்தத்தைத் தாண்டி, பாலத்துக்கடியில் ஊர்ந்து, தி. நகர் பேருந்து நிலையத்தில் போய் நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகு நடத்துனர் வந்து, "இன்னாம்மா, எறங்கலயா? கடைசி ஸ்டாப்பு" என்றார்.

அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். "தூங்கிட்டேங்க" என்றாள்.

வழியெல்லாம் அவள் கண் திறந்துதான் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். சிலர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த வழியே உஸ்மான் சாலையில் நடந்தோம். கடை திறந்து ஆள் நடமாட்டம் வந்த சமயம். கிளிப்பும் சீப்பும் விற்கிறவர்கள் அம்மாவை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டார்கள். வழக்கமாக வாங்காவிட்டாலும் நின்று விலை கேட்டு, அநியாயம் என்று சண்டை போட்டுவிட்டுத்தான் நகர்வாள். அன்று யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் நெருக்கிய இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, பக்கத்தில் போகிறவர்களுக்குக் கேட்காத குரலில், "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் 'ஊடு' என்றுதான் வந்திருக்கிறது. அந்த இரைச்சலில் என் காதில்தான் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, கோபம் இன்னும் தணியாமல், கையை உதறிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.